திம்மப்பனுக்கு வந்த வேலை

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்துக்கு பூபதி முதன்முதலில் போனபோது அவனுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவன். சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில், இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தான். மற்றவர்கள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு மாட்டும் டை என்கிற அச்சை அவன் ஒன்றரை மணி நேரத்தில் மாட்டிவிடுவான். பிறகு கம்பெனி இரண்டு லைனை வடக்கே கொண்டுபோனது. அதில் இருந்தவர்களுக்கெல்லாம் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பெயர்தான் விருப்ப ஓய்வு. விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டபோது பூபதிக்கு நாற்பத்தொன்பது வயது.

அதன் பிறகு போன இடத்திலெல்லாம் முதலில் வயதைக் கேட்டார்கள். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் மட்டும் வயதைப் பற்றிப் பேசவில்லை. சர்டிபிகேட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெரிந்தவர் எங்களிடம் நிற்க மாட்டீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மகள் சத்யப்ரியா சேலத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம். மனைவி பேச்சியம்மாள் பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்குச் சப்பாத்தி தேய்க்கப் போக ஆரம்பித்திருந்தாள். காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பூபதி குளியலறைக்குள் போய்விடுவான். அவள் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவான்.

பாகலூர் ரோட்டு பேக்கரிச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தான். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது. வேலை இழந்தவர்களுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணி, எல்லா மதத்தவரும் வரலாம், தேநீர் உண்டு என்று இருந்தது.

பேச்சியம்மாளுக்குப் பயம். "தலையில தண்ணிய ஊத்திப் பேர மாத்திருவாகளாம்லா?" என்று கேட்டாள்.

"மாத்தி வேல குடுத்தா மாத்திக்கிட்டுமே" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவனே வெட்கப்பட்டான்.

அங்கே யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினாலு பதினைந்து பேர், சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், அதன் கீழே ஒரு பாய்லரில் டீ. கூட்டத்தை நடத்தியவர் சரோஜம்மாள் டீச்சர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். முதலில் ஒரு நிமிஷம் கண்ணை மூடச் சொல்வார். வேண்டுகிறவர்கள் வேண்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் சும்மா இருக்கலாம். அதற்குப் பிறகு வட்டமாக ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இந்த வாரம் எந்த எந்தக் கதவைத் தட்டினீர்கள்? பதில் சொல்ல முடியாதவர்களை அவர் வற்புறுத்துவதில்லை. அடுத்தவரிடம் போய்விடுவார்.

அவருடைய கணவர் வேலை பார்த்த ஆலையில் ஒரு காலத்தில் கதவடைப்பு நடந்திருக்கிறது. மூன்று வருஷம் அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். கோயிலில் தினம் பார்க்கிற ஒருவர்கூட வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. இதை டீச்சர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லிவிட்டு உடனே யாருக்கு இன்னும் டீ வேண்டும் என்று கேட்டார்.

திம்மப்பன் அங்கேதான் அறிமுகமானான். தளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், தேவைப்பட்டால் தெலுங்கு. நாற்பத்தொரு வயது, கறுத்து ஒடிசலாக இருப்பான். ஒரு சாயப்பட்டறையில் விறகு பாய்லருக்கு ஹெல்பராகப் பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தவன். காண்ட்ராக்டர் மாறியதும் புது ஆள் தன் ஆட்களைக் கொண்டுவந்துவிட்டான். மனைவி சென்னம்மா ஒரு அபார்ட்மென்ட்டில் துப்புரவு வேலை பார்த்தாள். சுசித்ரா என்று எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பூபதியின் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ரேஷன் கடைக்குப் பின்னால் லைன் வீடு.

எல்லோரும் பயோடேட்டா எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொன்ன வாரம், கூட்டம் முடிந்ததும் திம்மப்பன் பூபதியின் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, எனுக்கு எழுத வராது. நீ எழுதித் தரியா?"

பூபதி தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். படிப்பு? மூன்றாவது. சர்டிபிகேட்? இல்லை. காண்ட்ராக்டர் கொடுத்த கடிதம் ஏதாவது? அதுவும் இல்லை. அடையாள அட்டையைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெயருக்கும் ஊருக்கும் கீழே தாள் வெள்ளையாகவே இருந்தது.

"சரி, உனக்கு என்ன தெரியும்? அதச் சொல்லு."

திம்மப்பன் கொஞ்சம் யோசித்தான். "பாய்லர் சத்தத்தக் கேட்டா போதும்ண்ணா. பிரஷர் எவ்ளோ இக்குதுன்னு சொல்லிடுவேன். மீட்டர் அப்பறம் பார்த்துக்கலாம். மோட்டார் சூடு ஏறினா வாசனையில தெரியும். ராத்திரி ஷிப்ட்ல ஒரு தடவ இன்ஜினீயர் தூங்கிட்டாரு, நான்தான் போயி வால்வத் தெறந்து வுட்டேன்."

பூபதி அதை அப்படியே எழுதினான். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டான். பதினோரு வருஷ அனுபவம், விபத்து ஏதும் இல்லை என்று எழுதி, அதைப் படித்துக் காட்டினான். தன்னைப் பற்றி ஒரு தாளில் இவ்வளவு எழுதியிருக்கிறது என்று திம்மப்பனால் நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

அதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே வேலை தேடினார்கள். பேச்சியம்மாளுக்கு டெங்கு வந்து அரசு மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்திருந்தபோது, தினமும் மத்தியானம் திம்மப்பன் தூக்குப் பாத்திரத்தில் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்தான். சென்னம்மா விடியற்காலையில் செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாளாம். இரண்டு நாள் பூபதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவனே வராண்டாவில் துண்டை விரித்துக் காவல் இருந்தான். சொந்த ஊரில் அண்ணன் தம்பி இருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று பேச்சியம்மாள் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. தளி போகிற வழியில் ஒரு ரோஜாப் பண்ணை. மோட்டார், ஜெனரேட்டர், பூ வைக்கிற கோல்டு ரூம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். தங்க இடமும் தருகிறார்கள். முதலாளி பாலாஜி டீச்சரிடம் ஒரு காலத்தில் படித்தவர். திம்மப்பனின் பயோடேட்டாவைப் படித்துக் காட்டியதும், அந்தப் பக்கத்து ஆள், கன்னடமும் தெரியும், உடனே அனுப்புங்கள் என்றாராம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அன்று வராவிட்டால் ஏஜென்சி மூலம் ஆள் எடுத்துவிடுவார்.

"திம்மப்பன் போனுக்கு லைனே போகல பூபதி. ரீசார்ஜ் பண்ணலபோல. எனக்கு முட்டி வீங்கிக் கிடக்கு, படி இறங்க முடியல. உங்க வீட்டுப் பக்கம்தானே, நீங்க போய்ச் சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுதேன் டீச்சர்" என்றான் பூபதி.

சொல்லும்போது சொல்லத்தான் நினைத்தான். அதில் சந்தேகம் இல்லை. போனை வைத்த பிறகுதான் மோட்டார், ஜெனரேட்டர், கோல்டு ரூம் என்று அந்த மூன்றும் மனதில் சுற்ற ஆரம்பித்தன. எல்லாம் அவனுக்கும் தெரிந்த வேலை. திம்மப்பனைவிட நன்றாகவே தெரிந்த வேலை. டீச்சர் ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை என்று கசந்தது. பேச்சியம்மாளிடம் அவன் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து போனான். ரேஷன் கடை முனையில் திரும்பியதும் தெருக்குழாய் தெரிந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திம்மப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நீல டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். குழந்தை அவன் முதுகில் தண்ணீரை விசிறியது. அவன் திட்டுவதுபோல் ஏதோ கன்னடத்தில் சொல்ல, அது சிரித்துக்கொண்டே ஓடியது.

இருபது அடி தூரம்தான். கூப்பிட்டால் திரும்பியிருப்பான். பூபதி கூப்பிடவில்லை. டிரம் நிறையட்டும், வீட்டுக்குப் போகட்டும், பின்னாலேயே போய்ச் சொல்லலாம் என்று நின்றான். அப்புறம் எதிரே இருந்த கடையில் ஒரு டீ சொன்னான். டீயைக் குடித்து முடித்து, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பிப் பார்த்தபோது குழாயடியில் வேறு யாரோ இருந்தார்கள். அவன் வந்த வழியே வீட்டுக்கு நடந்தான்.

திங்கட்கிழமை ஏழரைக்குத் தளி பஸ்ஸில் ஏறினான். பஸ்ஸில் போகும்போதும் சும்மா போய்ப் பார்க்கத்தான் போகிறேன், இடம் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மத்திகிரியைத் தாண்டியதும் மழைத்தூறல். பண்ணை வாசலில் இறங்கும்போது சட்டைப் பையில் அவனுடைய பயோடேட்டா இருந்தது. அதைக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தான்.

திம்மப்பனால் வர முடியவில்லை, டீச்சர் கூட்டத்தில் இருக்கும் இன்னொரு ஆள் நான் என்று பாலாஜியிடம் சொன்னான். அவர் கன்னடம் தெரியுமா என்று கேட்டார். புரியும் என்றான். ஜெனரேட்டர் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பூபதி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒரு பேரிங் போகப்போகிறது என்றான். பிரித்துப் பார்த்தார்கள், போயிருந்தது. அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

டீச்சரிடம் போனில் சொன்னபோது வார்த்தைகள் தடங்கல் இல்லாமல் வந்தன. இரண்டு தடவை போனேன், வீடு பூட்டியிருந்தது, ஊருக்குப் போய்விட்டார்கள்போல, இடம் போய்விடக் கூடாதே என்று நான் போனேன். நல்லதுதான் செய்தீர்கள், யாருக்காவது கிடைத்ததே என்றார் டீச்சர்.

அந்த வியாழக்கிழமை பண்ணையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். வராமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தான். திம்மப்பன் அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனது உண்மைதான், ஆனால் இருட்டும் முன்னே வந்துவிட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை நீ வந்த நேரம் நான் கறி வாங்கப் போயிருப்பேன், சென்னம்மாவும் கோயிலுக்குப் போயிருப்பாள் என்று அவனே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துத் தந்தான்.

"நீ போனது நல்லதுண்ணா. இல்லன்னா எவனோ வந்திருப்பான். உன் பொண்ணு படிப்பு முடியட்டும். எனுக்கு இன்னொண்ணு வராமயா போயிடும்?"

பூபதி டீயை வாங்கினான். குடிக்க முடியவில்லை.

இன்னொன்று வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, திம்மப்பன் கர்நாடக எல்லையைத் தாண்டிச் சந்தாபுரா பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனான். உயரத்தில் ஏறி அவனுக்குப் பழக்கமில்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புவானாம். போன பதினேழாம் நாள் நாலாவது மாடியில் சாரம் சரிந்தது. கூட விழுந்த பீகார்காரப் பையனுக்கு இடுப்பு முறிந்தது. திம்மப்பன் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

பூபதி அப்போது கோல்டு ரூமுக்குள் இருந்தான். வெளியே வந்து போனைப் பார்த்தபோது டீச்சரின் அழைப்பு ஆறு இருந்தது.

உடலைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். பண்ணையிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். பூபதியும் பேச்சியம்மாளும் போனார்கள். கோயிலிலிருந்து டீச்சர், ஃபாதர், கூட்டத்து ஆட்கள் ஒன்பது பேர் ஒரு வேனில் வந்தார்கள். ஃபாதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தின் ஓரத்தில் சும்மா நின்றார். பறை அடித்தார்கள். பேச்சியம்மாள் சென்னம்மாவைக் கட்டிக்கொண்டு ஊர் வழக்கப்படி வாய்விட்டு அழுதாள். சென்னம்மா அழவில்லை. பூபதியைப் பார்த்ததும், "அண்ணா வந்துட்டாரு, அண்ணாவுக்குத் தண்ணி குடுங்க" என்று யாரிடமோ சொன்னாள். ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு பூபதி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றான். அங்கே வாந்தி எடுத்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேச்சியம்மாள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் அந்தச் சத்தத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தோன்றும். நிறுத்திப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. ஒரு வாரத்தில் மூன்று தடவை நிறுத்தியதும் பாலாஜி கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார்.

சென்னம்மாவைத் துப்புரவு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருபது நாள் லீவு அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் அவளை வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, கணவன் உட்கார்ந்திருந்த வட்டத்தில் உட்கார்ந்தாள். பெரும்பாலும் பேசமாட்டாளாம். ஒரு நாள் டீச்சர் பூபதிக்குப் போன் செய்து, கூட்டத்தில் எல்லோரும் தளர்ந்துபோய் இருக்கிறார்கள், ஐம்பது வயதில் வேலை கிடைத்தவர் நீங்கள், வந்து நாலு வார்த்தை பேசினால் தெம்பாக இருக்கும் என்று கேட்டார். அவன் மறுத்தான். சென்னம்மாவும் உங்களைக் கேட்டாள் என்றார்.

அந்த வியாழக்கிழமை போனான். ஒரு நிமிஷம் கண் மூடி முடிந்ததும் டீச்சர் அவனைப் பேசச் சொன்னார். பூபதி எழுந்து நின்றான். பதினாறு பேர் இருந்தார்கள். சென்னம்மா ஜன்னல் பக்கம் இருந்தாள். குழந்தை கீழே உட்கார்ந்து ஒரு பழைய காலண்டர் தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வேல எனக்கு வந்ததில்ல" என்றான். "திம்மப்பனுக்கு வந்தது. டீச்சர் அவன்ட்ட சொல்லச் சொன்னாக. வீடு பூட்டியிருந்துச்சுன்னு நான் சொன்னது பொய். ஞாயித்துக்கெழம காலையில போனேன். அவன் கொழாயடியில டிரம் கழுவிட்டிருந்தான். பார்த்தேன். பாப்பா கூட இருந்துச்சு. கூப்பிடாம திரும்பி வந்துட்டேன்."

சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே நின்றான். மூலையில் டீ பாய்லர் கொதிக்கும் சத்தம் கேட்டது. சுரேந்தர் என்று ஒருவர், பழைய சூப்பர்வைசர், த்தூ என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தால் அவர்களில் எத்தனை பேருக்கு அதே காரியம் செய்யத் தோன்றியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சென்னம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அவரு உங்கள பார்த்தாரா?"

"இல்லம்மா. பார்க்கல."

"கடைசி வரைக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவள் தலையை அசைத்தாள். ஏதோ ஒரு விஷயத்தில் நிம்மதி அடைந்தவள்போல இருந்தது. பிறகு குழந்தையின் கையிலிருந்த பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் எழுந்திருக்கச் சொன்னாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"பேச்சியம்மா அக்காவுக்குச் சாப்பாடு செஞ்சி அனுப்புனேன் இல்ல, அஞ்சு நாளு" என்றாள். "அத நெனச்சாத்தான் எனுக்குத் தாங்கல." குரல் உயரவே இல்லை. குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் மட்டும் பூபதியோடு கடைசி வரை இருந்தார். நாற்காலிகளை அவனே அடுக்கினான். நான் உங்களை மன்னிக்க முடியாது, அது என் கையில் இல்லை என்றார் டீச்சர். முட்டி வலி என்று படி இறங்காமல் இருந்தது நான்தான், ஒரு ஆட்டோ பிடித்து நானே போயிருக்கலாம் என்றார். அவர் அழுததை பூபதி அப்போதுதான் பார்த்தான். அன்றிலிருந்து எந்த வேலைச் செய்தியையும் அவர் இன்னொருவரிடம் சொல்லி அனுப்புவதில்லை. வாக்கிங் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு, எத்தனை படியானாலும் ஏறி, உரிய ஆளின் கையில் சேர்த்துவிட்டுத்தான் வருகிறார் என்று கேள்வி.

வீட்டுக்கு வந்து பேச்சியம்மாளிடம் சொன்னான். அவள் மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு வந்த தூக்குப் பாத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள். திருப்பிக் கொடுக்க மறந்து இங்கேயே தங்கிவிட்டது அது. அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் அவளே போய் லைன் வீட்டில் கேட்டபோது, சென்னம்மா வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

பூபதி பாலாஜியிடமும் உண்மையைச் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். அவர் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். நீ விட்டால் அந்த மனுஷன் திரும்பி வரப்போகிறானா, உன் பெண்ணின் படிப்பும் நிற்கும், எனக்கும் ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதானே என்றார். வேண்டுமானால் அவன் மனைவிக்கு இங்கே பூ தரம் பிரிக்கிற வேலை தருகிறேன், அவள் ஊருக்கு நம் வேன் போய்வருகிறது என்றார். பூபதி வேலையை விடவில்லை. விட்டிருக்க வேண்டும் என்று தினமும் நினைத்தான். நினைத்துக்கொண்டே தினமும் ஏழரை பஸ்ஸில் ஏறினான்.

பாலாஜி சொல்லி அனுப்பியதற்குச் சென்னம்மா முதலில் வர மாட்டேன் என்றாள். மழை பொய்த்து, அந்த ஊரில் வேறு கூலி வேலை எதுவும் இல்லாமல் போனது. நாலு மாதம் கழித்து, தை மாதம் ஒரு காலையில், வேனிலிருந்து இறங்கிய பெண்களில் அவளும் இருந்தாள். ஸ்வெட்டருக்கு மேலே சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பூபதி ஜெனரேட்டர் அறை வாசலில் நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், மற்ற பெண்களோடு பேசிக்கொண்டே பேக்கிங் ஷெட்டுக்குள் போனாள்.

அதன் பிறகு ஒரே இடத்தில் இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள். பிப்ரவரியில் காதலர் தின ஏற்றுமதி. நாள் பூராவும் ரோஜாக்கட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பெண்கள் முள் நீக்கி, காம்பு நீளம் பார்த்துக் கட்டி அட்டையில் சுற்றுவார்கள். அதை வாங்கிக் கோல்டு ரூமில் அடுக்குவது பூபதியின் வேலை. சென்னம்மாவின் மேஜைக்கு வரும்போது அவள் கட்டுகளை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். அவன் எடுத்துக்கொண்டு போவான். சத்யப்ரியாவின் கடைசி வருஷத் தேர்வு முடிந்தது. சேலத்திலேயே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பேச்சியம்மாள் இனிப்பு வாங்கிவரச் சொன்னாள். பண்ணையில் எல்லோருக்கும் கொடுக்கும்படி ஒரு பெட்டி தனியாகவும் கொடுத்துவிட்டாள். அந்தப் பெட்டியை அவன் பண்ணைக்குள் கொண்டுபோகவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் பூபதி ஜெனரேட்டர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. சென்னம்மா நின்றிருந்தாள். கையில் ரப்பர் கையுறை, நெற்றியெல்லாம் வியர்வை. பூபதி எழுந்து நின்றான்.

"ஷெட்டுல தண்ணி நின்னுபோச்சு" என்றாள். "பூ வாடுது. பாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பூபதி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பத்தடி பின்னால், பம்ப் இருக்கும் பக்கம் போனான்.